சின்னத்திரைக் குடும்பத்தில் யாருக்கு இடம்?

திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில், வானம் பார்த்த காடுகளுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே அமைந்திருக்கும் பனவடலிசத்திரத்தின் பேருந்து நிறுத்தத்தில் சிறிது நேரம் நின்று ஜனங்களின் பேச்சைக் கவனிக்கிற ஒருவர், வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகிற கரிசல் சம்சாரிகளையும், சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் இரவு வேலை முடித்துத் திரும்புகிற தொழிலாளிகளையும், மிஷனரிமார் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வேதக்கோயிலுக்குப் போய்வருகிற கிறிஸ்தவக் குடும்பத்தாரையும், கடையநல்லூர்ப் பக்கத்து உறவு வீட்டுக் கலியாணத்துக்குப் புறப்பட்ட இஸ்லாமியப் பெண்மக்களையும், களையெடுக்கவும் பருத்தியெடுக்கவும் கூட்டமாகச் செல்லும் தலித் பெண்களையும் ஒரே பேருந்தில் ஏறக் காண்பார். இவர்கள் அனைவரும் மாலையில் விளக்கு வைத்தபின் தத்தம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார்கள். அங்கே குடும்பம் என்ற பெயரில் அரை நூற்றாண்டாகக் காட்டப்பட்டு வருகிற வீடு, இவர்களில் யாருடைய வீடு என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் வினா.

நகைச்சுவை கலந்த குடும்பக் கதையை நான் இதற்கென்று தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புராணக் கதையிலும் சரித்திரக் கதையிலும் அரசரும் தேவரும் வருவதால், பார்க்கிறவன் அங்கே தன்னைத் தேடுவதில்லை. சமையற்கட்டும் மாமியார் மருமகள் பிணக்கும் மாதக் கடைசியின் பணமுடையும் வருகிற கதையிலோ அவன் தன்னைத் தேடியே தீருவான். நம் வீடு போலவே இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பதில் ஓர் அங்கீகாரம் உண்டு. அந்த அங்கீகாரம் சிலருக்கு மட்டும் நாள்தோறும் கிடைத்து, மற்றவர்க்குத் தலைமுறைக் கணக்கில் கிடைக்காமலே போகுமானால், அதைப் பொழுதுபோக்கு விஷயம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதற்கு வாரந்தோறும் நாடகம் தேவைப்பட்டது; நாடகத்தைத் தயாராகக் கையில் வைத்திருந்தவர்கள் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர் சபாக்களில் நடித்துவந்த அமெச்சூர் குழுவினர். பகலில் வங்கியிலும் அலுவலகத்திலும் உத்தியோகம் பார்த்து, மாலையில் அரிதாரம் பூசிக்கொண்ட அந்தக் கலைஞர்களின் மேடையில் பெரும்பாலும் ஒரே காட்சியமைப்புத்தான் இருக்கும்: நடுவில் ஒரு சோபா, பக்கத்தில் தொலைபேசி, சுவரில் நாட்காட்டி, ஒருபுறம் சமையலறைக்குப் போகும் கதவு, மறுபுறம் தெருவுக்குப் போகும் கதவு. இந்தச் சிக்கனமான அமைப்பு தொலைக்காட்சிக் கூடத்துக்கு மிகவும் அனுகூலமாக இருந்தது. அரங்கை மாற்ற வேண்டியதில்லை, வெளியூருக்குப் போக வேண்டியதில்லை, ஒத்திகை பார்த்த நடிகர்கள் வசனத்தைத் தவறாமல் சொல்லிவிடுவார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை நாடகமாகவும் பின்னர் தொடராகவும் சபா நாடகத்தின் வீடே தொலைக்காட்சியின் வீடாயிற்று. அந்த வீட்டில் குடியிருந்தவர்கள், இயல்பாகவே, சென்னை நகரத்துப் பிராமண மத்தியதர வர்க்கத்தாராகவோ அவர்களை ஒட்டிய உயர்வகுப்பு உத்தியோகஸ்தர்களாகவோ இருந்தார்கள்.

இதை அந்த ஆசிரியர்கள் மீது குற்றமாகச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. எஸ்.வி. சேகரும், காத்தாடி ராமமூர்த்தியும், மௌலியும், கிரேஸி மோகனும் தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் பேச்சை அதன் வேகம் குன்றாமல் மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். தம் கதாநாயகிகளுக்கெல்லாம் தம் பள்ளி ஆசிரியையின் நினைவாக ஜானகி என்று பெயர் சூட்டிய கிரேஸி மோகனின் ஹாஸ்யத்தில் பகையோ கசப்போ இருந்ததில்லை. சொல்லோடு சொல் மோதித் தெறிக்கும் அந்தச் சிரிப்பை ரசிக்கச் சாதி தடையாக இருந்ததும் இல்லை. ஒரு குடும்பத்தின் கதையை அந்தக் குடும்பத்தார் சொன்னார்கள். மற்றக் குடும்பங்களின் கதையை மற்றவர்கள் வந்து சொல்லும்படி அழைத்திருக்க வேண்டிய கடமை, பொதுப்பணத்தில் நடந்த நிலையத்தைச் சேர்ந்தது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் நாடகக்காரர்கள் இருந்தார்கள், எழுத்தாளர்கள் இருந்தார்கள். நிலையமோ சென்னையில் இருந்தது. ஒளிபரப்பும் முதற்சில ஆண்டுகள் சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. பார்க்கிறவர்கள் சென்னையில் மட்டும் இருந்தபோது ஏற்பட்ட வழக்கம், கொடைக்கானல் அஞ்சல் கோபுரத்தின் வழியாகத் தென்பாண்டி நாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் ஒளிபரப்பு வந்து சேர்ந்த பின்னும் மாறாமல் நின்றுவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

அந்த வீட்டுக்குள் மற்றவர்கள் எவ்வாறு வந்தார்கள் என்று பார்ப்போம். பாத்திரம் துலக்கச் சென்னைத் தமிழ் பேசும் வேலைக்காரி வந்தாள். வட்டிக் கணக்கோடு மார்வாரிச் சேட்டு வந்தார். டீக்கடை நாயர் வந்தார். கைலியும் தொப்பியுமாக, நல்லவராகவே இருக்கக் கடமைப்பட்ட பாய் வந்தார். மளிகைக் கடையிலிருந்து நெல்லைப் பேச்சோடு அண்ணாச்சி வந்தார். ஊரிலிருந்து மூட்டையும் முடிச்சுமாக ஒரு கிராமத்து உறவினர் வந்து, குளிர்சாதனப் பெட்டியைக் கண்டு வியந்து, சபையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தால் எல்லா இனத்தாரும் வந்திருக்கிறார்கள் என்றே தோன்றும். ஆனால் சேட்டுக்கு மனைவி மக்கள் உண்டா, பாயின் வீட்டில் இன்று என்ன சமையல், வேலைக்காரியின் மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதெல்லாம் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. தெருவுக்குப் போகும் கதவின் வழியாக வந்தவர்கள் அதே கதவின் வழியாகத் திரும்பிப் போனார்கள். சமையலறைக் கதவைத் தாண்டி உள்ளே போனவர்கள் வீட்டாரே. பிரதிநிதித்துவத்தை அளக்கும்போது, ஒருவர் திரையில் தோன்றினாரா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. அவருக்கென்று ஒரு வீடும் உறவும் கொடுக்கப்பட்டதா, பிறர் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அவரும் பிறரைப் பார்த்துச் சிரிக்க அனுமதி உண்டா என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்க்கையில், தமிழ்க் குடும்ப நகைச்சுவைகளில் நெடுநேரம் நின்று பார்க்கத்தக்கது விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. ஏவி.எம். நிறுவனத்தார் 1986-இல் வெளியிட்ட திரைப்படம் இது என்றாலும், இதன் வேர் விசுவின் பழைய மேடை நாடகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டு, திரையரங்கில் பார்த்தவர்களைக் காட்டிலும் வீட்டில் பார்த்தவர்களே மிகுதி என்னும்படி ஆயிற்று. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. அம்மையப்ப முதலியாரின் வீட்டில் மூத்த மகனுக்கும் தகப்பனாருக்கும் பணத்தால் மனஸ்தாபம் மூண்டு, கூடத்தின் நடுவே கோடு கிழிக்கப்படுகிற கதை அது. அந்த வீட்டு மகள் சரோஜினி, பீட்டர் என்ற கிறிஸ்தவ இளைஞனைக் காதலித்து மணக்கிறாள். பீட்டரின் தகப்பனார் ஆல்பர்ட் பெர்னாண்டஸ் சம்பந்தியாகிறார். தமிழ் மேடையிலும் திரையிலும் கிறிஸ்தவர் என்றால் ஒன்று பாதிரியார், இல்லாவிட்டால் குடிகாரர் அல்லது கொள்ளைக் கூட்டத்தான் என்றிருந்த காலத்தில், கோபமும் வறட்டுக் கௌரவமும் மகன்மேல் பாசமும் உள்ள ஒரு கிறிஸ்தவக் குடும்பத் தலைவரை, முதலியாருக்கு இணையான இன்னொரு தகப்பனாக நிறுத்தியது சிறிய காரியம் அன்று. மதமாற்றத்தைப் பற்றியோ மதநல்லிணக்கத்தைப் பற்றியோ பிரசங்கம் இல்லை. இரண்டு பிடிவாதக்காரக் கிழவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் படத்தின் வேலைக்காரி கண்ணம்மா இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டிய பாத்திரம். முன்பு எழுதிய கதையை மீண்டும் விரித்தெழுதியபோது, கனமான கதைக்குச் சற்றுச் சிரிப்பு வேண்டுமென்று சேர்க்கப்பட்டவள் அவள். ஆகவே அலங்காரமாக வந்து போயிருக்க வேண்டியவள். ஆனால் அந்த வேடத்தை ஏற்றவர் மனோரமா. சரோஜினியின் வாழ்க்கையைச் சீர்ப்படுத்த ஆல்பர்ட் பெர்னாண்டஸின் முன் நின்று வாய்வீச்சு நடத்துகிற அந்தக் காட்சியில், கண்ணம்மாவின் சென்னைத் தமிழைக் கேட்டுத் திரையரங்கே குலுங்கிச் சிரித்தது. ஆயினும் அச்சிரிப்பு அவளை நோக்கியதாக இல்லாமல் அவள் யாரை மடக்குகிறாளோ அவரை நோக்கியதாக இருந்தது. வீட்டார் எல்லோரும் கௌரவம் பார்த்துப் பேசாமல் நிற்கும்போது, கௌரவம் பார்க்கக் கட்டுப்படாத ஒருத்தி பேசி முடிக்கிறாள். அவளுக்கு அந்த வீட்டில் செல்வாக்கு இருக்கிறது. என்றாலும் அவளுடைய சொந்த வீடு எங்கே இருக்கிறது என்பதை அந்தப் படமும் காட்டவில்லை. முதலியார் வீட்டுத் துயரமே அவளுடைய துயரமாகவும் இருந்துவிடுகிறது. ஓர் அடி முன்னே வைத்து, மறு அடியை வைக்காமல் நின்றுவிட்டார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு.

அந்த மறு அடியை வைத்தவர் பாலு மகேந்திரா. அவருடைய 'வீடு' 1988-இல் வெளிவந்தது. வாடகை வீட்டிலிருந்து வெளியேற வேண்டிய நிலையில், சுதா என்ற உத்தியோகப் பெண் கடன் வாங்கிச் சிறியதொரு வீடு கட்டத் தொடங்குகிறாள். கட்டிட வேலைக்கு வருகிற சித்தாள்களில் ஒருத்தி மங்கம்மா. கட்டிடச் சாமான்களைக் காண்டிராக்டர் திருடுவதைக் கண்டு பொறாமல் அவனை எதிர்த்துக் கேட்டு, சுதாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள் அவள். 'பசி' சத்யா நடித்த அந்தப் பாத்திரத்தில் ஹாஸ்யத்துக்கென்று ஒரு சொல்லும் இல்லை, பரிதாபத்துக்கென்று ஒரு கண்ணீர்த்துளியும் இல்லை. கலவை எந்த விகிதத்தில் இருந்தால் சுவர் நிற்கும் என்று அறிந்த ஒருத்தியின் தொழில்மானமே அவளைப் பேச வைக்கிறது. படித்தவளான சுதாவுக்குத் தெரியாததெல்லாம் மங்கம்மாவுக்குத் தெரிகிறது. வேலை தொடர்ந்து நடப்பதே அவளால்தான். மத்தியதர வர்க்கத்து வீட்டுக் கதையில், உழைக்கும் பெண்ணொருத்தி அந்த வீட்டையே கட்டுகிறவளாக வருகிறாள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1989-இல், தூர்தர்ஷனுக்காகவே அவர் எடுத்த 'சந்தியா ராகம்', நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான தொலைக்காட்சிப் படம். குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மனைவியை இழந்த ஒரு கிராமத்துக் கிழவர், சென்னையில் தம் சகோதரன் மகனுடைய எளிய குடித்தனத்துக்கு வந்து சேருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்த முதியவரும் ஊரிலிருந்து வந்த உறவினர்தான். சபா நாடகத்தில் ஐந்து நிமிஷம் சிரிப்புக் காட்டிவிட்டுப் போகிற அதே ஆள். இங்கே கதை முழுவதும் அவருடைய கண்ணால் நடக்கிறது. நகரத்தைக் கண்டு அவர் திகைப்பதை நாம் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு வயிறு கூடினால் மாதக் கணக்கு எப்படித் தவறுகிறது என்பதை அவரோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அர்ச்சனா நடித்த மருமகள் துளசி கொடுமைக்காரி இல்லை, வறுமைப்பட்டவள். பாத்திரங்களில் எவரையும் எந்த வகுப்பின் மாதிரியாகவும் நிறுத்தாமல், மனிதர்களாக நிறுத்த அரசாங்கத் தொலைக்காட்சியால் முடியும் என்பதற்கு இந்தப் படம் ஒன்றே போதிய சாட்சி. அதற்கு முன்பே, 1981-இல், பிரேம்சந்தின் கதையை வைத்துச் சத்யஜித் ராய் அதே தூர்தர்ஷனுக்கு 'சத்கதி'யை எடுத்துக் கொடுத்திருந்தார். தீண்டாமையின் குரூரத்தை அவ்வளவு நேராகக் காட்டிய தொலைக்காட்சிப் படம் இந்தியாவில் அபூர்வம். இவை விருதுகளோடு நின்றன. வாராந்தர நாடகத்தின் வீடு மட்டும் பழைய வீடாகவே இருந்தது.

கடல் கடந்து இலங்கைக்குப் போனால், அங்கே தமிழ் ஹாஸ்யம் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது. இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகம் பெரும் வரவேற்புப் பெற்று, 1976-இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரிக்கார், யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலி, பிராமணத் தமிழ் பேசும் ஐயர் என நால்வர் சேர்ந்து கலகலக்கிறார்கள். ராமதாஸ் மரிக்காராகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும் நடித்துப் பெற்ற புகழ் எத்தகையதென்றால், வாழ்நாள் முழுவதும் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே அவர்கள் வழங்கப்பட்டார்கள். வீட்டுக்காரர் ஒருவர், வந்துபோகிறவர் மற்றவர் என்ற பேதம் அங்கே இல்லை. நால்வருடைய பேச்சும் மற்ற மூவருக்கும் வேடிக்கை. எல்லோரும் எல்லோரையும் கேலி செய்யும்போது கேலியில் நஞ்சு தங்குவதில்லை. அந்த நாட்டில் பின்னால் நேர்ந்த துயரங்களை எண்ணும்போது, ஒருவரையொருவர் பார்த்துச் சமமாகச் சிரித்துக்கொண்ட அந்த வானொலிக் காலத்தின் மதிப்பு இன்னும் உயர்ந்து தெரிகிறது.

அமெரிக்க நாட்டுக் குடும்ப நகைச்சுவைகளும் இதே கேள்வியைக் கடந்து வந்தவைதான். ஆறு குழந்தைகள் உள்ள பிரேடி குடும்பத்தின் கதை 1969 முதல் 1974 வரை தொடராக நடந்து, பல ஆண்டுகளுக்குப் பின் 1988-இல் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படமாகத் திரும்பி வந்தபோது, அந்த நாட்டில் எவ்வளவோ மாறியிருந்தும் அவ்வீட்டின் நிறம் மாறவில்லை. வீட்டாருக்கு வெளியிலிருந்து அங்கே நிரந்தர இடம் பெற்றவள் வேலைக்காரி ஆலிஸ். இதற்கிடையில் 1975-இல் ஜெபர்சன் குடும்பமும், 1984-இல் ஹக்ஸ்டபிள் குடும்பமும் கறுப்பின மக்களுக்கென்று சொந்த வீட்டைத் தொலைக்காட்சியில் கட்டிக் கொடுத்தன. அந்த இரண்டு குடும்பங்களும் வசதியானவை, ஏழைகளை அவை மறந்தன என்ற விமர்சனம் அங்கே எழுந்தது, நியாயமான விமர்சனமே. ஆனாலும் வீடு கிடைத்த பிறகே அது எத்தகைய வீடு என்று வாதாட முடிகிறது. நமக்கு அந்த வாதம்கூட இன்னும் வாய்க்கவில்லை.

தனியார் தொலைக்காட்சிகள் வந்தால் எல்லாம் மாறும் என்று எதிர்பார்த்தோம். 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று நெடுந்தொடர்கள் பெருகின. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியபோது, ஊராட்சி அறையில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்த கிராமத்தார் தத்தம் குடிசையிலேயே பார்க்கலாயினர். பார்க்கிறவர்களின் தொகை இவ்வாறு கிராமத்தின் பக்கம் சாய்ந்ததால் ஒரு மாறுதல் நிகழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: சபா நாடகத்து வீடு பின்தங்கி, காரைக்குடியும் மதுரையும் குன்றக்குடியும் கதைக்களமாயின. திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' தொடரில் காலஞ்சென்ற மாரிமுத்து மதுரைப் பக்கத்துப் பேச்சைப் பேசியதைக் கேட்க ஜனங்கள் காத்திருந்தார்கள். குழந்தைகளோடு உரையாடுகிற நிகழ்ச்சியை நெல்லைப் பேச்சு மாறாமல் இமான் அண்ணாச்சி நடத்தியபோது, எங்கள் பக்கத்து ஆச்சிமார் அடைந்த சந்தோஷத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். 'நம்ம பிள்ளைல்லா' என்று ஒரு முதிய பெண்மணி திரையைப் பார்த்துச் சொன்னதில் இருந்த உரிமை, விளம்பரக்காரர்களின் எந்தக் கணக்கிலும் வராதது.

ஆனால் வட்டாரம் வந்ததே தவிர, வட்டாரத்தின் எல்லா மக்களும் வரவில்லை. நெடுந்தொடரின் கிராமத்துக் குடும்பம் என்பது பெரிய தூண் வைத்த வீட்டையும், தலைமுறைச் சொத்தையும், மீசை முறுக்கிய பெரியவரையும் உடைய நிலவுடைமைச் சாதிக் குடும்பமாகவே பெரும்பாலும் இருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்வதில்லை. பூஜையறையும் கலியாணச் சடங்கும் உறவுமுறையும் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன. தலித் குடும்பமொன்று நெடுந்தொடரின் மையத்தில் இருந்து சிரித்துப் பேசி வாழ்ந்ததாக எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. 2018-இல் 'பரியேறும் பெருமாள்' வாயிலாகவும் 2024-இல் 'வாழை' வாயிலாகவும் மாரி செல்வராஜ் நெல்லைச் சீமையின் அந்தக் குடும்பங்களைப் பெரிய திரையில் நிறுத்திவிட்டார். தாயும் மகனும் பேசிக்கொள்வதும், பிள்ளைகள் பள்ளியில் செய்கிற குறும்பும் எவ்வளவு சுவையானவை என்று தமிழகம் முழுவதும் கண்டது. சின்னத்திரை மட்டும் அதைக் காணாததுபோல் இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பம் நெடுந்தொடரில் அண்டை வீடாகவே இன்றும் இருந்துவருகிறது. நிறத்தின் விஷயத்திலோ சொல்லவே வேண்டாம். 'பாரதி கண்ணம்மா'வைப் போல் கறுப்பு நிறத்தையே கதைப்பொருளாக்கிய தொடரில்கூட, கறுப்பு ஒரு துன்பமாகத்தான் வருகிறது. வெயிலில் உழைக்கும் நாட்டில் பெரும்பாலோரின் நிறம் துன்பமாகாமல், கவனிக்கவே படாத சாதாரணமாக வரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன்.

வேறு மாதிரியான குடும்பங்களை எழுதுவதற்குச் சரக்கு இல்லை என்று யாரேனும் சொன்னால், அவர் எங்கள் பக்கத்து இலக்கியத்தைப் படிக்காதவர் என்றே கொள்ள வேண்டும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், 1976-இல் 'கோபல்ல கிராம'த்தை எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தெலுங்கு தேசத்திலிருந்து வந்து கரிசலில் காடு திருத்திக் குடியேறிய கம்மவார் வம்சத்தின் கதை அது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் வாய்விட்டுச் சிரிக்க இடமுண்டு. பூமணியின் கதைகளில் கரிசலின் உழைக்கும் குடும்பங்கள் தங்கள் பேச்சோடும் குசும்போடும் நிறைந்திருக்கின்றன. அவரே 'கருவேலம் பூக்கள்' என்ற படத்தை இயக்கித் தீப்பெட்டித் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டைக் காட்டியிருக்கிறார். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997-இல் அதே விருதைப் பெற்றது. பழம்பெருமை பேசியே அழிகிற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதையை, உள்ளிருந்தே சிரித்தும் சினந்தும் அவர் சொன்னார். வண்ணதாசனும் வண்ணநிலவனும் எழுதிய நெல்லை நகரத்துச் சிறிய வீடுகளை ஒரு தொலைக்காட்சிக் கூடத்துக்குள்ளேயே அமைத்துவிடலாம். அதிகச் செலவும் இல்லை.

2024 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் நடந்துவரும் பழைய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு, விளம்பர வருமானத்தை எண்ணியே கதை தேட வேண்டிய நிர்ப்பந்தம் மற்றவர்களைப் போல் இல்லை. 'சந்தியா ராக'த்தை எடுக்கச் செய்த பாரம்பரியமும் தூர்தர்ஷனுடையதே. 'கோபல்ல கிராம'த்தில் நூற்று முப்பத்தேழு வயதான மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி இருக்கிறாள். வம்சத்தின் பழங்கதை முழுவதும் அவள் வாயால்தான் வருகிறது. அவளை நடுவில் உட்கார வைத்து, வாரத்துக்கு ஓர் அரைமணி நேரமாக ஓராண்டு நடத்தும்படி அந்த நிலையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். நடிப்பதற்கு ஆட்கள் வேண்டுமென்றால், இந்தச் சாலையில் ஓடும் பேருந்துகளிலேயே கிடைப்பார்கள்.